மிதிவண்டிச் சக்கரம் வளர்ந்த கதை

ஓசூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கிருந்து சூளகிரி வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் கிருஷ்ணகிரி வரும். அதன் உயரம் சுமார் 500 மீட்டர். இடையில் மேடு பள்ளங்கள் பல உண்டு. ஆயினும் மொத்தத்தில் சாலை 400 மீட்டர் இறங்குகிறது. இப்பகுதியின் சாலைகளில் இரண்டு வகை மிதிவண்டிகளைக் காணலாம். ஒன்று, ஆலை வேலைக்குச் செல்வோரும் பால் கறந்து எடுத்துச் செல்வோரும் ஓட்டும் கனத்த கறுப்பு வண்டி. மற்றொன்று, பெங்களூர்ப் பக்கமிருந்து எல்லை தாண்டி வரும் இளைஞர்கள் குனிந்து ஓட்டும் மெலிந்த சாலை வண்டி.

இந்த இரண்டாம் வகை வண்டியின் மீது இப்போது மாணவர்களுக்கும் ஆர்வம் பிறந்துள்ளது. “சக்கரத்தை மட்டும் மாற்றினால் வேகம் கூடுமா? டியூப் இல்லாத டயர் போடலாமா?” என்று அவர்கள் கேட்கிறார்கள். ஒரு சோடி உயர்வகைச் சக்கரத்தின் விலை ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும். ஆகவே இது விளையாட்டாக விடை கூறிவிடக் கூடிய கேள்வியன்று. சக்கரம் எவ்வாறு வளர்ந்தது, ஒவ்வொரு மாற்றமும் எந்தக் குறையைப் போக்க வந்தது என்று பார்த்தால் விடை தானே கிடைத்துவிடும்.

மரக்காலும் கம்பியும்

நம் மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை, வட்டையின் மேல் இரும்புப் பட்டை. வண்டியின் பாரம் அச்சின் வழியாகக் குடத்திற்கு வந்து, கீழ்ப்புறம் இருக்கும் ஆரக்காலை அமுக்குகிறது. அமுக்கத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் ஆரக்கால் தடிமனாக இருந்தாக வேண்டும்.

1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டிக்கும், 1860களில் பாரிசில் பரவிய மிதிகட்டை வண்டிக்கும் இத்தகைய மரச் சக்கரங்களே இருந்தன. கல் பாவிய தெருவில் அவற்றில் ஏறிச் சென்றவர்களின் எலும்புகள் குலுங்கின. எடையும் மிகுதி.

தடித்த மரத்துக்குப் பதில் மெல்லிய கம்பியைப் பயன்படுத்த முடியுமா? சுமார் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியை நிறுத்தி அதன் மேல் பாரம் வைத்தால் அது உடனே வளைந்துவிடும். ஆனால் அதே கம்பியை இழுத்தால் பெரும் விசையைத் தாங்கும். இந்த உண்மையைச் சக்கரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1808-இலேயே இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அவர் நாடியது பறக்கும் பொறிக்கு ஏற்ற இலேசான சக்கரம். மிதிவண்டிக்கு அதைப் பொருத்தி 1869-இல் காப்புரிமை பெற்றவர் பாரிசைச் சேர்ந்த யூஜின் மேயர்.

இழுத்துக் கட்டிய கம்பி எவ்வாறு பாரம் தாங்கும் என்ற ஐயம் எழலாம். ஒரு கொடிக்கம்பத்தை நாற்புறமும் கயிறு கட்டி இழுத்து நிறுத்துகிறோம். காற்று ஒரு பக்கம் தள்ளினால் அப்பக்கக் கயிறு சற்றுத் தளர்கிறது, கம்பமோ சாய்வதில்லை. மிதிவண்டிச் சக்கரத்திலும் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 100 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் முன்கூட்டியே இழுத்து முறுக்கப்படுகிறது. நாம் ஏறி அமர்ந்ததும் தரையை ஒட்டியுள்ள சில கம்பிகளின் இழுவை குறைகிறது. ஏனைய கம்பிகளில் மாற்றம் மிகச் சிறிதே. கீழ்க்கம்பிகள் முழுவதும் தளராத வரையில் சக்கரம் வட்டமாகவே நிற்கும். மிதிவண்டிக் கடைக்காரர் ‘கோட்டம் எடுக்கும்’போது செய்வது இந்த இழுவைகளைச் சமன்செய்யும் வேலையே. அவரது சாவியில்தான் சக்கரத்தின் வலிமை பெரிதும் அடங்கியிருக்கிறது.

மத்தும் கயிறும்

முதற் கம்பிச் சக்கரங்களில் கம்பிகள் குடத்தின் மையத்தை நோக்கி நேராகச் சென்றன. மிதியை அழுத்தியபோது குடம் முன்னே திரும்பியது, வட்டை பின்தங்கியது. இக்குறையைத் தீர்த்தவர் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி. 1874-இல் அவர் கம்பிகளைக் குடத்தின் ஓரத்தைத் தொட்டுச் செல்லுமாறு சாய்த்து, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட அமைத்தார்.

தயிர் கடையும் மத்தை எண்ணிப் பாருங்கள். கயிறு மத்தின் ஓரத்தைத் தழுவி இழுப்பதால்தான் மத்து சுழல்கிறது. மையத்தை நோக்கி எவ்வளவு இழுத்தாலும் அது சுழலாது. ஸ்டார்லியின் சாய்ந்த கம்பி செய்வதும் இதுவே. 150 ஆண்டுகள் ஆன பின்னும் நம் வண்டிகளின் பின்சக்கரத்தில் அந்த அமைப்பைக் காணலாம். 1885-இல் அவருடைய அண்ணன் தம்பி வழி உறவினரான ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாகவும் சங்கிலியால் பின்சக்கரம் இயங்குவதாகவும் ‘ரோவர்’ வண்டியைச் செய்தார். இன்றைய மிதிவண்டியின் வடிவம் அதுவே.

காலத்துக்கு முன் வந்த கண்டுபிடிப்பு

கம்பி வந்ததும் எடை குறைந்தது, குலுக்கலோ குறையவில்லை. அதற்கு மருந்து காற்று. வியப்பு என்னவென்றால், அம்மருந்து மிதிவண்டி உருப்பெறுவதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

இயற்கை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதனுடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குவதை 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டார். 1845-இல் ஸ்காட்லாந்தின் ராபர்ட் வில்லியம் தாம்சன், ரப்பர் பூசிய துணிக் குழாயில் காற்றை அடைத்து, அதைத் தோலுறையால் மூடிச் சக்கரத்தில் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1847-இல் இலண்டன் பூங்கா ஒன்றில் குதிரை வண்டிகளில் அதை ஓட்டிக் காட்டினார். வண்டி ஓசையின்றி, எளிதாக ஓடியது. ஆனால் மெல்லிய ரப்பர் கிடைப்பது அரிது, விலையோ மிகுதி. அதனை உண்மையில் வேண்டி நின்ற இலேசான வண்டியும் அன்று இல்லை. கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது.

தாம்சன் பின்னர் 1867-இல் கெட்டி ரப்பர்ச் சக்கரங்கள் கொண்ட நீராவிச் சாலை வண்டியைப் படைத்தார். 1870களில் கிராம்டன் என்னும் இளம் படையதிகாரி அவ்வகை வண்டிகளை வடஇந்தியச் சாலைகளில் ஓட்டினார். ஆக, தாம்சனின் ரப்பர்ச் சக்கரம் இந்திய மண்ணைத் தொட்டது. அவருடைய காற்றுச் சக்கரம் தொடவில்லை.

பெல்பாஸ்ட் கால்நடை மருத்துவர்

40 ஆண்டுகள் கழிந்தன. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்குவதைக் கண்டார். தாம்சனைப் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை. 1887-இல் ஒரு மர வட்டில் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றித் துணியால் மூடினார். அதையும் வண்டியின் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டுப் பார்த்தார். பழைய சக்கரம் விரைவில் சாய்ந்தது. காற்றுச் சக்கரம் அதைவிட நெடுந்தூரம் ஓடியது.

இச்சிறு சோதனையில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. காற்று டயர் சுகத்துக்காக மட்டுமன்று, வேகத்துக்காகவும்தான். கெட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லின் மேலும் வண்டியையும் ஓட்டுபவரையும் தூக்கிப் போடுகிறது. அந்த ஆற்றல் வீணாகிறது. காற்றுச் சக்கரமோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, அமுங்கியபோது பெற்ற ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. 1888-இல் டன்லப் காப்புரிமை பெற்றார். 1889 மே மாதம் பெல்பாஸ்டில் நடந்த பந்தயங்களில் வில்லி ஹ்யூம் என்ற வீரர் இந்த டயரில் ஓட்டி வென்றார். 1890-இல், தாம்சன் முந்திக்கொண்டதால் டன்லப்பின் அடிப்படைக் காப்புரிமை செல்லாது என்று தெரியவந்தது. ஆயினும் உலகம் டன்லப்பின் பெயரையே நினைவில் வைத்துக்கொண்டது.

ஒரு குறை மிஞ்சியது. டன்லப்பின் டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. முள் குத்தினால் அதைப் பிரித்து ஒட்டி உலர வைக்கப் பல மணி நேரம் ஆகும். பிரான்சின் மிஷ்லின் சகோதரர்கள் 1891-இல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டு வந்தனர். அவ்வாண்டு பாரிசிலிருந்து பிரெஸ்ட் சென்று திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர்ப் பந்தயம் நடந்தது. மிஷ்லின் டயரில் ஓட்டிய சார்ல் டெரோன் ஏறத்தாழ மூன்று நாட்களில் முதலாவதாக வந்தார். அவருடைய டயர்களிலும் துளை விழுந்தது. ஆனால் விரைவில் சரிசெய்து தொடர முடிந்தது. துளை விழாத டயரைவிட, துளை விழுந்தால் எளிதில் சரிசெய்யக்கூடிய டயரே வென்றது.

ரப்பரும் தமிழரும்

இந்த வெற்றி ஐரோப்பாவோடு நிற்கவில்லை. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு வந்தார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் அனுப்பப்பட்டன. மிதிவண்டிக்கும் பிறகு மோட்டார் வண்டிக்கும் டயர் தேவைப்பட்டதால் மலாயாவில் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரம் சீவிப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். கங்காணிகள் நம் கிராமங்களிலிருந்து அவர்களைத் திரட்டிச் சென்றனர். 1938-இல் இந்திய அரசு இவ்வாறு தொழிலாளரை அனுப்புவதைத் தடைசெய்யும் வரை இது நீடித்தது. டயரின் வரலாற்றைப் படிக்கும்போது கண்டுபிடித்தவர்களின் பெயர்களோடு, பெயர் தெரியாத இவர்களையும் நினைப்பது நம் கடமை.

அம்பத்தூரும் ஓசூரும்

இந்தியாவில் டன்லப் நிறுவனம் 1936-இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் டயர் ஆலை தொடங்கியது. 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை அமைத்தன. ‘ஹெர்குலிஸ்’ போன்ற வண்டிகள் தமிழ்நாட்டின் ஊர்தோறும் ஓடின. முன்சக்கரத்தில் 32 கம்பிகள், பின்சக்கரத்தில் 40 கம்பிகள், 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர் என்பதே பழைய கறுப்பு வண்டியின் இலக்கணம். இரண்டு மூட்டை நெல்லைச் சுமந்தாலும் அது தாங்கியது. பாரம் பின்சக்கரத்தில் மிகுதியாக விழுவதால் அங்கே கம்பிகளும் மிகுதி.

1971-இல் சிப்காட் நிறுவனம் உருவானது. அதன் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று ஓசூரில் எழுந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தபோது, அதன் சக்கரங்களும் கம்பிச் சக்கரங்களாகவே இருந்தன. மிதிவண்டியின் சக்கரம் எந்திரத்தைப் பெற்றுக்கொண்டது எனலாம். 2021-இல் ஓசூரில் ஏதர் ஆலையும் போச்சம்பள்ளியில் ஓலா ஆலையும் மின்வண்டிகளைச் செய்யத் தொடங்கின. இவ்வண்டிகளின் சக்கரத்தில் கம்பியும் இல்லை. டயருக்குள் டியூபும் இல்லை. இவ்விரண்டும் சேர்ந்து மறைந்ததற்குக் காரணம் உண்டு.

டியூப் ஏன் மறைந்தது?

அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தைச் சேர்ந்த பிராங்க் ஹெர்சே உருவாக்கிய டியூப் இல்லாத மோட்டார் டயருக்கு 1952-இல் காப்புரிமை கிடைத்தது. அதில் டயரின் உட்புறமே காற்றுப் புகாதது. டயரின் விளிம்பு ரிம்மோடு இறுகப் பொருந்திக் காற்றை அடைக்கிறது. ஆனால் கம்பிச் சக்கரத்தின் ரிம்மில் கம்பிக்கொரு துளை இருக்கிறது. காற்று அதன் வழியே ஓடிவிடும். வார்ப்புச் சக்கரத்தில் துளை இல்லை. எனவே மோட்டார் சைக்கிளில் வார்ப்புச் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் சேர்ந்தே பரவின.

எடையை மிகவும் குறைக்க வேண்டிய மிதிவண்டி கம்பியைக் கைவிட முடியவில்லை. ஆகவே துளைகளின் மேல் காற்றுப் புகாத நாடா ஒட்டும் வழி பிறந்தது. 1999-இல் பிரான்சின் மாவிக் நிறுவனம் மலைப்பாதை வண்டிகளுக்கு டியூப் இல்லாத சக்கர முறையை வெளியிட்டது. 2006-இல் ஹட்சின்சன், ஷிமானோ நிறுவனங்கள் சாலை வண்டிக்கு அதைக் கொண்டு வந்தன.

டயருக்குள் சிறிதளவு அடைப்புப் பால் ஊற்றப்படுகிறது. பெரும்பாலான வகைகளில் அது ரப்பர்ப் பால் கலந்தது. முள் குத்தியவுடன் காற்று அப்பாலைத் துளைக்குள் தள்ளுகிறது. அது உறைந்து அடைத்துக்கொள்கிறது. சீமைக் கருவேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் நிறைந்த நம் சாலையோரங்களுக்கு இது பெரும் உதவி. டியூப் இருந்தால் இன்னோர் ஆபத்தும் உண்டு: பள்ளத்தில் மோதும்போது ரிம்முக்கும் தரைக்கும் இடையில் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரட்டைத் துளை விழும். டியூபே இல்லாதபோது நசுங்குவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டலாம். ஆனால் நம் வெயிலில் அடைப்புப் பால் சில மாதங்களில் உலர்ந்துவிடும். அவ்வப்போது ஊற்ற மறந்தால் பயன் இல்லை. பெரிய கண்ணாடித் துண்டு கிழித்தால் பாலால் அடைக்க முடியாது. பையில் ஒரு டியூப் இருந்தே ஆக வேண்டும்.

எதைத் தேர்வது?

இனி மாணவர்களின் கேள்விக்கு வருவோம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். விலை கூடிய சக்கரத்தால் 300 கிராம் குறைகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு 400 மீட்டர் உயரம் ஏறும்போது மிச்சமாகும் வேலை 0.3 × 9.8 × 400, அதாவது சுமார் 1,180 ஜூல். உடல் உண்ட உணவில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்று கணக்கிட்டாலும், இது ஒரு வேர்க்கடலைப் பருப்பு தரும் ஆற்றலுக்கும் குறைவு. சுழலும் பொருளின் எடை இரு மடங்காகக் கணக்கில் சேரும் என்பது உண்மை. ஆனால் அது வேகம் எடுக்கும்போது மட்டுமே. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது அந்த 300 கிராமால் மிச்சமாவது 21 ஜூல். மொத்தத் தேவையோ ஏறத்தாழ 2,800 ஜூல்.

இப்போது டயரைப் பார்ப்போம். நல்ல டயரில் உருளும் தடை எடையில் ஆயிரத்தில் 4 பங்கு. மட்டமான டயரிலோ காற்றுக் குறைந்த டயரிலோ அது 8 பங்கு எனக் கொள்ளலாம். வேறுபாடு சுமார் 3 நியூட்டன்தான். ஆனால் 50 கிலோமீட்டர் தூரத்தில் அது 1,50,000 ஜூலைத் தாண்டுகிறது. 1,180 எங்கே, 1,50,000 எங்கே! முதலில் டயர், பிறகு காற்றின் அளவு, அதன் பிறகே சக்கரம்.

டயரின் அகலமும் முக்கியம். முன்பு பந்தய வீரர்கள் 23 மில்லிமீட்டர் டயரில் கல்போலக் காற்று அடித்தனர். இன்று அவர்களே 28 மில்லிமீட்டருக்கும் மேல் சென்றுவிட்டனர். அகன்ற டயர் குறைந்த அழுத்தத்திலும் எளிதாக உருள்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் 28 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில் சதுர அங்குலத்துக்கு 60 முதல் 75 பவுண்டு வரை அடித்தால் போதுமானது. ஆயினும் டயரிலும் ரிம்மிலும் அச்சிட்டுள்ள உச்ச அளவை ஒருபோதும் தாண்டக் கூடாது.

சக்கரத்தில் கம்பிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 20 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால் சக்கரம் கோணி நின்றுவிடும். 28 அல்லது 32 கம்பிகள் இருந்தால் மெதுவாகவேனும் வீடு வந்து சேரலாம். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாதாரணக் கம்பியும் அலுமினிய ரிம்மும் நம்மில் பெரும்பாலோருக்குப் போதும். ஆழமான ரிம் காற்றைக் கிழித்து விரைவது உண்மையே. ஆனால் நெடுஞ்சாலையில் லாரி கடக்கும்போது எழும் பக்கக் காற்று அதைத் தள்ளிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பொருத்தம். டியூப்லெஸ் டயரை அதற்கென்று செய்த ரிம்மில் மட்டுமே மாட்ட வேண்டும். அண்மைக் காலத்தில் வந்துள்ள கொக்கி விளிம்பு இல்லாத ரிம்களில், டயரைப் பிடித்து நிறுத்தும் வளைவு இல்லை. ஆகவே அவற்றில் 5 பார், அதாவது சதுர அங்குலத்துக்கு 72 பவுண்டு அளவைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச அளவுமுறை. அந்த ரிம்முக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட டயரையே போட வேண்டும். 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு நாட்டில் நடந்த பந்தயத்தில் தேர்ந்த வீரர் ஒருவரின் டயர் இவ்வகை ரிம்மிலிருந்து கழன்று அவர் விழுந்தார். வல்லுநர் குழு பராமரிக்கும் வண்டிக்கே இந்நிலை என்றால், நெடுஞ்சாலைக் கடையில் லாரி டயருக்கு வைத்திருக்கும் அழுத்தியில் அளவு பாராமல் காற்று அடிப்பது எவ்வளவு ஆபத்து என்பதை எண்ணிப் பாருங்கள். அளவுமானி உள்ள சொந்தப் பம்பு ஒன்று வாங்குவது, விலை கூடிய சக்கரம் வாங்குவதைவிட முன்னால் செய்ய வேண்டிய வேலை.

நாள்தோறும் ஐந்தாறு கிலோமீட்டர் ஆலைக்கோ கல்லூரிக்கோ செல்பவருக்குக் கடைதோறும் கிடைக்கும் டியூபும் நல்ல டயரும் போதுமானவை. முள் நிறைந்த வழியில் நெடுந்தூரம் செல்பவருக்கும், மாதாமாதம் பராமரிக்கப் பொறுமை உள்ளவருக்கும் டியூப்லெஸ் ஏற்றது. தாம்சனின் காற்றுச் சக்கரம் தவறானதன்று. அதற்கேற்ற வண்டியும் ரப்பரும் அவர் காலத்தில் இல்லை. டன்லப்பின் காலத்தில் அவை இருந்தன. நாமும் ஒரு சக்கரத்தை விலைச்சீட்டைப் பார்த்து மதிப்பிடாமல், நம் சாலையையும் சுமையையும் அருகில் உள்ள கடைக்காரரின் கைத்திறனையும் பார்த்துத் தேர்ந்துகொள்வோமாக.